இடப்பக்கத்து நாற்காலி

சகோதர சங்கத்தின் கட்டடம் பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. பூட்டுக்காரர் அங்கே போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம், லேசான தூறல். தொழில் புத்தி விடுமா? ஆட்களைப் பார்ப்பதற்கு முன்னால் கதவில் இருந்த பூட்டைத்தான் பார்த்தார். கனமான பித்தளை, நன்றாக எண்ணெய் போட்டு வைத்திருந்தார்கள். சரி, ஒழுங்கான ஆட்கள்தான் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மனைவி போன பிறகு, கடைக்கு மேலே இருந்த வீட்டில் அவரோடு பேசியது ரேடியோ ஒன்றுதான். மகள் கடல் தாண்டி இருந்தாள். "நாலு பேரோட பழகுங்கப்பா" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிவிட்டு ஃபோனை வைப்பாள். நாலு பேர் என்ன, கடையில் கிலோ கணக்கிலா கிடைக்கிறார்கள்?

ஆனால் அவர் சங்கத்தைத் தேடி வந்தது மகள் சொன்னதற்காக இல்லை.

போன மழைக்காலத்தில் ஒரு வீட்டு உரிமையாளர் வந்து அவரைக் கூப்பிட்டார். வாடகைக்கு இருந்தவர் பல நாட்களாக வெளியே வரவில்லையாம். பூட்டுக்காரர் கதவைத் தட்டக் கையைத் தூக்கினார். "தட்டி என்ன ஆகப் போகுது? திறங்க" என்றார் உரிமையாளர். அவரும் தட்டாமலே திறந்தார். உள்ளே ஒரு மனிதர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், கதவைப் பார்த்தபடி. தலை வாரி, காலில் செருப்பு மாட்டி, யாரோ கூப்பிட்டால் கிளம்பத் தயாராக. இறந்து வெகுநாள் ஆகியிருந்தது. மூடிக் கிடந்த அறையின் புழுக்கத்தோடு தலைவலித் தைலத்தின் நெடி வந்து முகத்தில் அடித்தது.

அன்றிலிருந்து பூட்டுக்காரருக்கு ஒரே ஒரு பயம். தனக்கும் இப்படித்தான் ஆகும். தன் வீட்டைத் திறக்க இன்னொரு பூட்டுக்காரனைத்தான் கூப்பிடுவார்கள்.

"எங்க வழக்கத்தைச் சொல்லிடறேன்" என்றார் செயலாளர். தொழில் ரொட்டிக்கடை. சட்டைக் கைமடிப்பில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும், வாயில் எப்போதும் பேச்சு ஒட்டியிருக்கும். "இங்க யாரும் தனக்குச் சந்தா கட்டக் கூடாது. உங்க சந்தா உங்க இடப்பக்கத்துச் சகோதரருக்கு. உங்களுக்கு வலப்பக்கத்துல இருக்கற நான் கட்டுவேன்."

"இது என்னங்க கூத்து?"

"ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்பாங்களே, அதான். இன்னொண்ணும் இருக்கு. கூட்டத்தன்னைக்கு உங்க நாற்காலி காலியா இருந்தா நான் உங்க வீட்டுக்கு வந்து கதவைத் தட்டணும். 'சகோதரரே, உங்க நாற்காலி காலியா இருக்கு'ன்னு சொல்லணும். மழையோ புயலோ, நடு உலையில ரொட்டி வெந்துட்டு இருந்தாலும் சரி."

பூட்டுக்காரர் இதற்குத்தான் வந்தார். இந்த ஒரு தட்டலுக்காக அவர் எவ்வளவு சந்தா வேண்டுமானாலும் கட்டத் தயார். அப்போதே எடுத்து நீட்டினார்.

கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகப் போடப்பட்டிருந்தன. அவருக்கு இடப்பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. ஒப்புக்குப் போட்டிருக்கிறார்கள் போல என்று நினைத்தார்.

விளக்கை அணைத்தார்கள். கூட்டம் அப்படித்தான் தொடங்குமாம். இருட்டில் அவரவர் பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொண்டு, வரிசையாக "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். குரல்கள் ஒவ்வொன்றாக வட்டத்தைச் சுற்றி வந்தன. ரொட்டிக்கடைக்காரர் சொன்னார். பூட்டுக்காரரும் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை யாரிடமாவது சொல்லி எத்தனை காலமாயிற்று!

அடுத்தது காலி நாற்காலியின் முறை. எல்லோரும் ஒரு மூச்சு நேரம் மௌனமாக இருந்தார்கள்.

அவருடைய இடது கையை ஒரு கை பற்றியது.

உலர்ந்த கை. இரவெல்லாம் பனியில் கிடந்த சாவியைப் போல ஜில்லென்று இருந்தது.

தைல நெடி.

ஆனால் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. மனைவி போனதற்குப் பிறகு அவர் கையை யாரும் அப்படிப் பிடித்ததில்லை.

விளக்கு வந்தது. நாற்காலி காலியாகவே இருந்தது.

கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு ரொட்டிக்கடைக்காரரைப் பிடித்துக்கொண்டார். "இடப்பக்கம் யாருங்க?"

ரொட்டிக்கடைக்காரர் முதன்முறையாகப் பேச்சைத் தேடினார். "மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருந்தாரு. தலைவலிக்காரரு, பாவம். அப்போ உங்க நாற்காலியில ஆள் இல்ல. அதனால அவருக்குத் தட்டவும் ஆள் இல்ல. யாராவது போவாங்க, யாராவது போவாங்கன்னே எல்லாரும் இருந்துட்டோம். பல பேர் சேர்ந்தா பாம்பு சாகாதுங்கற கதைதான். கடைசியில வீட்டு உரிமையாளர் யாரோ பூட்டுக்காரனைக் கூட்டிட்டு வந்து..." சட்டென்று நிறுத்தி இவர் முகத்தைப் பார்த்தார். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நாற்காலியை ஏன் எடுக்கல?" என்றார் பூட்டுக்காரர்.

"தட்டிப் பார்த்து, பதில் இல்லைன்னு வந்து சொன்னாத்தான் எடுப்போம். அவருக்கு யாருமே தட்டலையே. இப்போ அவருக்குச் சந்தா கட்டறது நீங்க, அண்ணே. ஒரு தடவை போய்த் தட்டிட்டு வந்துடுங்களேன். பாவம், அவரும் நிம்மதியா போகட்டும்."

நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். செத்தவர் வீட்டுக் கதவைப் போய்த் தட்டுவதாவது, பார்க்கிறவன் சிரிக்க மாட்டானா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த கூட்டத்திலும் அந்தக் கை வந்தது. இம்முறை கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது.

மறுநாள் பொழுது சாயும்போது கிளம்பிப் போனார். அந்த வீட்டுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. நடைவழியில் ஈ காக்கை இல்லை. கதவில் அவரே மாற்றிப் போட்ட பூட்டு தொங்கியது, வெளியே பூட்டியபடி. சன்னலில் தூசி. ஒரு தட்டு தட்டி, அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டால் தீர்ந்தது. கையைத் தூக்கினார்.

உள்ளே ஒரு நாற்காலி தரையில் உரசி நகர்ந்தது.

நெடுநேரம் உட்கார்ந்திருந்தவர் எழுந்துகொள்ளும் ஓசை.

பிறகு செருப்புச் சத்தம். கதவை நோக்கி ஆவலாக, அவசரமாக வந்தது.

பூட்டுக்காரர் தட்டவில்லை. தூக்கிய கையோடு திரும்பி ஓடினார். மாடிப்படியில் விழுந்து எழுந்து, தெருமுனை வரைக்கும் மூச்சு விடாமல் ஓடினார். அவருக்குப் பின்னால் செருப்புச் சத்தம் கதவோரம் வந்து நின்றது. அவ்வளவுதான். அதற்கு மேல் அது வரவில்லை.

அடுத்த கூட்டத்தன்று அவரால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் அனலாகக் கொதித்தது. காலை ஊன்றினால் தரை சுற்றியது. வெளியே புயல்மழை. ஊர் முழுக்க மின்சாரம் போயிருந்தது. தண்ணீர்ச் சொம்பு கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது.

பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டார். நாற்காலி காலியாக இருக்கிறதே, ரொட்டிக்கடைக்காரர் தட்டுவார்.

காதைக் கதவுப் பக்கமே வைத்துக்கொண்டு கிடந்தார். கூட்டம் தொடங்கும் நேரம் போயிற்று. முடியும் நேரமும் போயிற்று. யாரும் வரவில்லை. அந்தக் கண்ணாடிக்காரர் எப்படிக் காத்திருந்திருப்பார் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கண்ணில் நீர் வழிந்தது.

ஃபோன் அடித்தது. தடவி எடுத்தார்.

"என்ன அண்ணே, சொல்லாமலே கிளம்பிட்டீங்க?" ரொட்டிக்கடைக்காரரின் குரல். "கரண்ட் வராம இன்னைக்குக் கூட்டம் முழுக்க இருட்டுலயே முடிஞ்சு போச்சு. எதுக்குக் கூப்பிட்டேன்னா, உங்க கை அப்படிச் சில்லுனு இருந்துச்சு. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் வரலைங்க" என்றார் பூட்டுக்காரர் மெல்ல. "காலையிலேர்ந்து படுக்கையிலதான் கிடக்கேன். நீங்க வந்து தட்டுவீங்கன்னு பார்த்துட்டே இருக்கேன்."

"விளையாடாதீங்க. கையைப் பிடிச்சிருந்தது நான். உங்க நாற்காலியிலிருந்து 'இருக்கேன்'னு சத்தம் வந்துச்சே."

ஃபோனில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணே" என்றார் ரொட்டிக்கடைக்காரர். குரலில் இருந்த கேலியெல்லாம் வடிந்திருந்தது. "அந்த வீட்டுல போய்த் தட்டினீங்களா, இல்லையா?"

பூட்டுக்காரரின் கண் கதவுப் பக்கம் போயிற்று.

"சரி. இப்பவே கிளம்பி வர்றேன். நான் வந்து தட்டுவேன். தட்டிட்டு, நம்ம வார்த்தையைச் சொல்லுவேன். அதைக் கேட்டாத்தான் திறக்கணும். புரியுதா?"

ஃபோனை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். பூட்டுக்காரன் வீடாயிற்றே, கதவு பலமானதுதான். மேலே ஒரு பூட்டு, நடுவே ஒரு பூட்டு, கீழே தாழ்ப்பாள். எல்லாம் அவர் கையாலேயே போட்டவை. ரொட்டிக்கடை தூரமில்லை, இதோ வந்துவிடுவார்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்தது.

"வந்துட்டீங்களா?" என்றார். உயிரே திரும்பி வந்ததுபோல இருந்தது.

சத்தம் கதவருகே நின்றது. அவர் தட்டலுக்காகக் காத்திருந்தார்.

தைல நெடி வந்தது.

மேல் பூட்டு திறந்துகொண்டது. அந்த ஓசை அவருக்கு நன்றாகத் தெரியும்.

நடுப் பூட்டும் திறந்தது.

கீழே இருந்த தாழ்ப்பாளுக்கு வெளிப்பக்கம் சாவித் துவாரமே கிடையாது. அது மெல்ல, மிக மெல்ல, தானாக நகர்ந்தது.

யாரும் தட்டவில்லை.