மிச்சமிருந்த ஒன்பது நிமிஷம்

சுவிட்சை அழுத்தியபோது விரலுக்கடியில் சுவர் துடித்தது.

சட்டென்று கையை இழுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்ற ஆரம்பித்தது. உள்ளறையில் மனைவி துவைத்த துணிகளை உதறி உதறி மடித்துக்கொண்டிருந்தாள். வெயிலில் காய்ந்த துணியின் வாசனை முன்னறைவரை வந்தது. பக்கத்து வீட்டில் மோட்டார் ஓடுகிறதோ என்னவோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, மூன்று விரல்களைச் சேர்த்து மறுபடி சுவரில் வைத்தான்.

மோட்டார் இல்லை. அந்த விரல்களுக்கு ஏமாறத் தெரியாது. பதினாலு வருஷமாக ரத்தத் துடிப்பின்மேல் இருப்பதுதான் அவற்றுக்கு வேலை.

ஆஸ்பத்திரியில், இதய அடைப்பை நீக்கும் பிரிவில் அவன் டெக்னீஷியன். டாக்டர் தொடையிடுக்கில் ஓடும் ரத்தக்குழாயில் துளை போட்டு, மெல்லிய குழாயை இதயம்வரை செலுத்தி, அடைப்பைத் திறந்து ஸ்டென்ட் வைத்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். பிறகு குழாயை உருவிவிட்டு, அந்தத் துளையை விரலால் அழுத்திப் பிடித்திருப்பது அவன் பொறுப்பு. இருபது நிமிஷம். நடுவில் கையை எடுக்கவே கூடாது.

போன செவ்வாய்க்கிழமை ஒரு தையல்காரர் வந்தார். வயசானவர். வாய் ஓயாதவர்.

"இஸ்திரி போடற மாதிரி அழுத்துறியே தம்பி! பாத்து, மடிப்பு நிரந்தரமா நின்னுடப் போகுது."

அன்றைக்கு அவர் ஏழாவது ஆள். பதினோராவது நிமிஷத்தில் அவன் மணிக்கட்டை நெளித்ததை அவர் பார்த்துவிட்டார்.

"போதும் விடு தம்பி. கை வலிக்கும். போய் ஒரு டீ குடிச்சுட்டு வா."

விட்டான். வெளியே ஒரு சொட்டு ரத்தம் இல்லை. துளைக்கு மேலே, கனத்துக்காக, மணல் பையை வைத்தான். சிகிச்சைத் தாளில் இருபது நிமிஷம் என்று எழுதினான். டீ குடித்தான். இரண்டு பிஸ்கட்டும் தின்றான். அந்த பிஸ்கட்டை நினைத்தால்தான் இப்போதும் கூசிப்போகிறது.

திரும்பி வந்தபோது அவர் சொன்னார்: "முதுகு வலிக்குது தம்பி."

"மல்லாந்தே படுத்திருந்தா அப்படித்தான் இருக்கும் ஐயா."

ரத்தம் வெளியே வரவில்லை. உள்ளேயே, வயிற்றுக்குப் பின்னால், சத்தமில்லாமல் தேங்கியது. மாலையில் இடுப்பிலிருந்து விலாவரை தோல் கருநீலமாகிவிட்டது. ராத்திரிக்குள் போய்விட்டார்.

"முழுசா இருபது நிமிஷம் பிடிச்சே இல்ல?" என்று டாக்டர் கேட்டார்.

"ஆமா சார்."

அத்தோடு போயிருக்கலாம். தையல்காரருடைய மகள் தேடி வந்து அவன் வலது கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டாள். "அப்பா உங்களைப் பத்தியேதான் பேசிட்டிருந்தாரு. தங்கமான பையன்னு."

கையை உருவிக்கொள்ளக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது சுவர் சூடாக இருந்தது. மனித உடம்பின் சூடு. விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் வெள்ளைப் பூச்சுக்கு அடியில் நீலமாக ஒரு புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உள்ளங்கை அளவு பரவியது. அழுத்தினான். நின்றது. தளர்த்தினான். பரவியது.

அழுத்தினான். எதிரே கடிகாரம். ஒரு நிமிஷம். மூன்று. ஐந்து.

மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நீங்க பிடிக்கலேன்னா சுவர் விழுந்துடுமா?"

"இங்க... ஈரம் கசியுது."

"அதுக்குக் கொத்தனாரைக் கூப்பிடணும். நீங்க கை வச்சா நின்னுடுமா?" சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

இடது கையால் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தான். சொல்லிவிட வேண்டியதுதான். வேலை போகட்டும். தலை நிமிர்ந்து ஒரு தடவை மூச்சு விட்டால் போதும்.

"சொல்லுப்பா," என்றார் டாக்டர்.

"சார்... அந்த தையல்காரர்..."

"இன்னுமா அதையே நினைச்சுட்டிருக்கே? ஃபைலை மூடியாச்சு. நீ சரியாத்தான் செஞ்சே."

விரலுக்கடியில் துடிப்பு வேகமெடுத்தது. 

"ஆமா சார். நாளைக்கு ஒரு நாள் லீவு வேணும். அதான் கூப்பிட்டேன்."

போனை அலமாரியில் வைத்தான். அந்தக் கணமே துடிப்பு நின்றது. சுவர் சில்லிட்டது. நீலம் இல்லை. கடிகாரத்தைப் பார்த்தான். பதினோரு நிமிஷம்.

கையை எடுத்தான்.

வெள்ளைச் சுவர். வெளியே ஒரு சொட்டு இல்லை.

"என்னங்க," உள்ளறையிலிருந்து குரல். "திடீர்னு முதுகு வலிக்குது."

ஓடினான். மடித்த துணிகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தாள். உடை விலகிய இடுப்பில் நீலமாக ஒரு புள்ளி. முழங்காலிட்டு மூன்று விரல்களையும் வைத்தான். அழுத்தினான். துளை எங்கே? துளையே இல்லை. இன்னும் அழுத்தினான். போன் முன்னறையில். எடுக்கப் போனால் கையை எடுக்க வேண்டும். கத்தினான். யாரும் வரவில்லை.

அவள் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். அவனிடம் எப்போதும் காட்டும் அதே பிரியத்தோடு சிரித்தாள்.

"போதும் விடுங்க. கை வலிக்கும். போய் ஒரு டீ குடிச்சுட்டு வாங்க."

அந்த வார்த்தைகளை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

விரல்களை இன்னும் ஆழமாக அழுத்தினான். நீலம் அவற்றைத் தொடாமல், இரண்டு பக்கமும் ஒதுங்கி, ஒவ்வொரு விலாவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.