நான்காவது ஆளின் விருப்பங்கள்

வீட்டில் இருப்பது மூன்று பேர். செட்டிங்ஸ் பக்கத்தில் நான்கு பேர் இருந்தார்கள்.

முதலில் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரமாகத் தினமும் நாலு மணி நேரம்தான் தூக்கம். கண் இமைக்குள் மணல் அரைபட்டது. ஆறு பேர் பார்த்த வேலையை இப்போது அவள் ஒருத்தி பார்க்கிறாள். விளக்கு, மின்விசிறி, ஏசி, கேமரா, கதவுப் பூட்டு என்று வீட்டிலுள்ள அத்தனையையும் போனிலிருந்தே இயக்குகிற செயலி அது. யாருக்கு எது பிடிக்கும் என்று அதுவே கவனித்துப் பழகிக்கொள்ளும். அப்படிப் பழகியதை ஆள்வாரியாகக் காட்டி, மாற்றவும் அழிக்கவும் வசதி செய்து தரும் பக்கம் அவள் பொறுப்பு. சோதனைக்காக அலுவலகம் அனுப்பிய கருவிகளெல்லாம் அவள் வீட்டில்தான் மாட்டியிருந்தன.

அப்பா என்ற வட்டத்தைத் தொட்டால் மஞ்சள் விளக்கு. பாப்பா என்றால் மின்விசிறி ஐந்தில். அம்மா என்ற வட்டத்துக்குள் ஒன்றிரண்டு வரிதான் இருந்தது. எதையும் விரும்புவதற்கு அவளுக்கு நேரம் வாய்த்ததில்லை.

நான்காவது வட்டம் சாம்பல் நிறம். பெயர் இல்லை. உள்ளே மூன்று வரி.

விளக்கு: வேண்டாம்.

குளிர்: பதினாறு.

கதவு: கொஞ்சம் திறந்திருக்கட்டும்.

மூன்றாவது வரியில் அவள் விரல் நின்றது. கதவுக்கு இருப்பது இரண்டே தேர்வு: பூட்டு, திற. அதை எழுதியவளே அவள்தான். 'கொஞ்சம்' என்று ஒன்றை யாரும் எழுதவில்லை.

அழித்தாள். காபி போட எழுந்து போனாள். மதியம் மூன்று மணிக்கே வானம் மூடிக்கிடந்தது. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது, பக்கத்து வீட்டுச் சலவை இயந்திரம் சுவருக்கு அப்பால் உருண்டு உருண்டு அடங்கியது, அந்த ஓசைகளுக்கு அடியில் யாரோ கால் விரலை மட்டும் ஊன்றி நடப்பதுபோல் தரை லேசாக, மிக லேசாக முனகியது. பழைய கட்டடம். முனகத்தான் செய்யும்.

திரும்பி வந்தபோது சாம்பல் வட்டம் இருந்தது. இப்போது நான்கு வரி.

அறை: பாப்பாவுடையது.

செயலியைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் அக்காவுக்குப் போன் செய்தாள். அலுவலகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். எள்முனை அளவு தப்பும் அவள் கண்ணுக்குத் தப்பாது.

"அக்கா, டெஸ்ட் டேட்டா எதுவும் என் வீட்டுக் கணக்குல போட்டீங்களா?"

"உன் வீட்டுக்குள்ள நான் எதுக்கும்மா கைய வைக்கப்போறேன்? என் வீட்டப் பாக்கவே எனக்கு நேரமில்ல."

"பேரே இல்லாம ஒரு ஆள் வந்து உக்காந்திருக்கு. அழிச்சாலும் திரும்ப வருது."

மறுமுனையில் விசைகள் தட்டும் சத்தம். பிறகு அதுவும் நின்றது.

"இது இன்னிக்கு வந்ததில்லம்மா. சர்வர்ல மூணு வாரமா இருக்கு. நீ கருவி மாட்டின அன்னிக்கே ஆரம்பிச்சிருக்கு."

"சென்சார் கோளாறா இருக்கும். திரைச்சீலை ஆடினாக்கூட ஆளுன்னு எடுத்துக்குதே."

"திரைச்சீலைக்கு எடை இருக்குமா? மெத்தைக்கு அடியில வைக்கச் சொன்னோமே எடை பாக்குற கருவி, அதுல பதிவாயிருக்கு. பாப்பா கட்டில்ல. தினமும் ராத்திரி, பாப்பா தூங்கப்போற நேரத்துக்கு."

"எவ்வளவு எடை?"

"முதல் நாள் நூறு கிராம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏறுது. நேத்து நாப்பத்தொம்பது கிலோ." அக்கா சிரித்தாள். "நீதானே போய்ப் படுத்திருப்ப? நீயே பயந்துட்டு என்னையும் பயமுறுத்துற. ரெண்டு நாள் லீவு போடும்மா, மூஞ்சி தெரியாமலே சொல்றேன், செத்துக்கிடக்குற நீ."

"ஆமாக்கா. நானாத்தான் இருக்கும்."

போனை வைத்தாள். அவள் எடை நாற்பத்தொன்பது கிலோதான். ஆனால் மூன்று வாரமாக அவள் பாப்பாவின் அறைக்குள் இரவில் போனதே இல்லை. அதை அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கணவன் வெளியூர் வேலையாகப் போயிருந்தான். அவன் இருந்த நாட்களிலும் குழந்தை தானாகவே தூங்கிப்போனது. எவ்வளவு சமர்த்து என்று இருவரும் பெருமைப்பட்டுக்கொண்டார்கள்.

பாப்பாவின் அறைக்கதவு ஒரு சாண் திறந்திருந்தது.

உள்ளே ஏசி ஓடவில்லை. ஆனாலும் குளிர் கணுக்காலைப் பிடித்தது. ஈரத்துணியை மடித்துப் பல நாள் பூட்டிவைத்த அலமாரியின் வாடை. விளக்கைப் போட்டாள், போட்ட கையை எடுப்பதற்குள் அணைந்தது. கட்டிலில் தலையணை ஒன்றுதான். அதில் இரண்டு பள்ளம். ஒன்று சின்னது. பக்கத்திலேயே, நெற்றியோடு நெற்றி ஒட்டினாற்போல், பெரியது.

காலையில் குழந்தை கேட்டது அப்போதுதான் அவளுக்குள் முழுதாக இறங்கியது. "நேத்து நீ சொன்ன கதைல கடைசில என்னம்மா ஆச்சு? நான் தூங்கிட்டேன்." மின்னஞ்சலில் கண் வைத்தபடி அவள் சொன்ன பதில்: "அப்புறம் சொல்றேன், ஷூவ மாட்டு."

மணி மூன்றே கால். பள்ளி வேன் வர இன்னும் இருபத்தைந்து நிமிடம்.

வேலை அறைக்கு ஓடினாள். ஒரு ஆளை அழித்தால் போதாது. வீட்டையே அழிக்க வேண்டும். எல்லாரையும், எல்லாப் பழக்கத்தையும். லேப்டாப்பில் அந்தப் பொத்தானைத் தேடி அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம். மறுபடி கேட்டது. ஆம், ஆம்.

பக்கம் வெறுமையானது.

மூச்சு விட்டாள். நாற்காலியில் சாய்ந்தாள். சாய்ந்த இடத்திலேயே தூங்கிவிடலாம்போல் உடம்பு கழன்று தொங்கியது. ஒரு நிமிடமோ பத்து நிமிடமோ, தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது வட்டங்கள் திரும்ப முளைத்துக்கொண்டிருந்தன.

அப்பா.

பாப்பா.

அம்மா.

அவ்வளவுதான். மூன்று பேர். சரியாக மூன்று. சிரிப்பு வந்தது அவளுக்கு. அம்மா என்ற வட்டத்தைத் தொட்டாள்.

விளக்கு: வேண்டாம்.

குளிர்: பதினாறு.

அறை: பாப்பாவுடையது.

கீழே மெதுவாக இன்னொரு வட்டம் வந்தது. சாம்பல். பெயர் இல்லை. உள்ளே ஒரே ஒரு வரி. போன வாரம், மீட்டிங் நடுவே குழந்தை ஓடிவந்துவிடக் கூடாது என்று அவளே தன் விரலால் வைத்தது.

வேலை அறைக் கதவு: பூட்டு.

முதுகுக்குப் பின்னால் பூட்டின் மோட்டார் சுழன்றது. டக்.

கைப்பிடியைத் திருகினாள். அசையவில்லை. போனை எடுத்தாள். உங்களுக்கு அனுமதி இல்லை. அக்காவின் எண்ணை அழுத்தினாள். அனுமதி இல்லை. அவசர எண். அனுமதி இல்லை.

வாசல் கதவு திறக்கும் ஓசை. புத்தகப் பை தரையில் விழும் ஓசை.

"அம்மா, வந்துட்டேன்!"

கதவை அறைந்தாள். இரண்டு கையாலும். தொண்டை கிழியக் கத்தினாள். "கண்ணு, உள்ள வராத! வெளிய ஓடு! ஓடு!"

கூடத்தில் ஷூ சத்தம் நின்றது.

"அம்மா, அந்த ரூம்ல யாரும்மா தட்றது?"

பதில் வந்தது. அவளுடைய குரல். அவளுடையதேதான். ஆனால் அதில் களைப்பு இல்லை.

"யாருமில்ல கண்ணு. நீ வா."

லேப்டாப்பில் கூடத்துக் கேமரா தானாகத் திறந்தது. விளக்கு அணைந்திருந்தது. சோபாவில் ஒரு மெத்தை தானாக அமுங்கியது. குழந்தை அதன் அருகே போய் உட்கார்ந்தது. பக்கவாட்டில் சாய்ந்தது. விழவேண்டிய அளவுக்குச் சாய்ந்தது. விழவில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் கன்னத்தைப் பதித்துக் கண்ணை மூடியது.

"இன்னிக்கு உனக்கு வேல இல்லையாம்மா?"

"இனிமே இல்ல."

குழந்தை சிரித்தது. அதன் ரெட்டைச் சடையில் ஒன்று மெல்லத் தூக்கப்பட்டது. ரிப்பன் தானாக அவிழ்ந்தது. பின்னல் புரிபுரியாகப் பிரிந்தது. பிறகு அந்த இருட்டுக்குள், யாருடைய கையும் தெரியாமல், அவசரமே இல்லாமல், முடி ஒவ்வொரு கற்றையாக உயர்ந்து உயர்ந்து தாழ்ந்தது.