மூன்றாவது மிதி

உதவி கேட்டு வந்தவள் வாசல் வழியாக வரவில்லை. பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஒரு தலையாக வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வரீங்களா? வீட்டோட மாட்டிக்கிட்டோம்."

டிரைவிங் ஸ்கூல் அக்கா மடித்துக்கொண்டிருந்த துண்டை முழுக்க மடித்து வைத்த பிறகுதான் எழுந்தாள். கற்றுக்குட்டிகள் ஓட்டும் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தே பாதி வாழ்க்கையைக் கழித்தவள். பதறினால் பிழைப்பு நடக்காது. பதறுவதற்கென்றே வீட்டில் ஒரு கொழுந்தன் இருந்தான். மருந்துக்கடை வேலை, துப்பறியும் ஆசை. அண்ணி செருப்பு மாட்டுவதற்குள் பூதக்கண்ணாடியுடன் மதிலேறிக் குதித்துவிட்டான். அண்ணி நாற்காலி போட்டு நிதானமாக ஏறி இறங்கினாள்.

அங்கே நிலவரம் இதுதான். மேட்டில் கொட்டகை, சரிவான பாதை, கீழே கேட். உள்ளே போக வெளியே வர வேறு வழியில்லை. மதியம் கொட்டகையிலிருந்து இறங்கிய பழைய கார், கேட் தூண்கள் இரண்டுக்கும் நடுவே மூக்கை நுழைத்துக் குறுக்காக இறுகி நின்றது. ஒரு பூனை வேண்டுமானால் வெளியே போகலாம்.

மதிலில் தலை காட்டியவள் அந்த வீட்டு மருமகள், நர்ஸ். ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் இருந்தால்தான் வேலை. அந்தக் காரின் சாவி இப்போது அவள் கணவனின் சட்டைப் பையில் இருந்தது.

"நாளைக்குப் பழைய இரும்புக்காரன் வரான்" என்றான் அவன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன். நாள் முழுக்கக் காதில் ஹெட்போன். மனைவி பேசினாலும் கேட்காத அளவுக்கு நல்ல ஹெட்போன். "போன வாரம்தான் பிரேக் பூஸ்டரை மாத்தினோம். என்ன பிரயோஜனம்? இவ சாவியை வண்டியிலேயே விட்டுட்டு ஹேண்ட் பிரேக்கும் போட மறந்திருக்கா, வண்டி தானா உருண்டு வந்திருக்கு. இனிமே காரும் வேணாம், வேலையும் வேணாம். வீட்டுல இருக்கட்டும்."

"நான் ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்லயும் விட்டேன் அக்கா" என்றாள் நர்ஸ். "டூட்டி முடிஞ்சு வந்து, சாவியைக் கூடத்து ஆணியில மாட்டிட்டுத்தான் படுத்தேன். சத்தம் கேட்டு நான் இவரையும் இழுத்துக்கிட்டு ஓடி வந்தப்போ மாமா முன்னாடியே இங்க நின்னுட்டிருந்தார்."

மாமா, அதாவது அவளுடைய மாமனார், தள்ளாட்டத்துடன் கைத்தடியை ஊன்றி நின்றார். முழங்கால் வலிக்காரர். ஒருமுறை ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே மயங்கியதால் டாக்டர் கார் ஓட்டக் கூடாது என்றுவிட்டார். டாக்டர் சொன்னது காரை மட்டும்தான். மகன் தெருவையும் சேர்த்துத் தடுத்துவிட்டான்.

"மருமகளைத் திட்டாதடா" என்றார் பெரியவர். "எல்லாம் அந்த மெக்கானிக் பண்ண வேலை. முதல் ரெண்டு மிதிக்கு ஒழுங்கா பிடிச்சுட்டு மூணாவது மிதிக்குக் கல்லா இறுகிப்போற பிரேக்கெல்லாம் ஒரு பிரேக்கா?"

அக்கா அவரை ஒரு கணம் பார்த்துவிட்டு கேட் பக்கம் திரும்பினாள். "தம்பி, உன் கண்ணாடியைக் கொஞ்சம் கீழ வெச்சுட்டு, வெறுங்கண்ணால கேட்டைப் பாரு."

பார்த்தான். கதவுகள் இரண்டும் அகலத் திறந்து, பக்கச் சுவர்க் கொக்கிகளில் பத்திரமாக மாட்டியிருந்தன. தாழ்ப்பாளில் ஒரு வளைவுகூட இல்லை.

"அண்ணி! தானா உருண்ட வண்டி, தானே கேட்டையும் திறந்து கொக்கியில மாட்டிக்கிச்சா?"

"இவதான் திறந்து போட்டிருப்பா" என்றான் கணவன்.

"நான் மாடியில துணி காயப்போட்டப்போ கேட் சாத்தியிருந்தது. அது இவ டூட்டி முடிஞ்சு வந்து ரொம்ப நேரம் கழிச்சு" என்றாள் அக்கா. "சாவியைக் குடுங்க."

கணவன் தயங்கித் தயங்கிக் கொடுத்தான். கொழுந்தன் ஓட்டுநர் இருக்கையில் ஏறினான்.

"எஞ்சினைப் போடாதே. பிரேக்கை மிதி. என்ன ஆகுது?"

"கல்லு மாதிரி இருக்கு அண்ணி."

"அப்படியே அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எஞ்சினைப் போடு."

வண்டி இருமிக்கொண்டே கிளம்பியது. கொழுந்தனின் புருவம் உயர்ந்தது. "காலடியில தானா இறங்குது! மெத்துனு ஆயிடுச்சு!"

"அப்போ பூஸ்டர் நல்லா இருக்கு, மெக்கானிக் மேல தப்பில்ல" என்றாள் அக்கா. "எஞ்சின் ஓடும்போது காத்தை உறிஞ்சுதில்ல, அந்த பலத்துலதான் பூஸ்டர் நம்ம காலுக்கு உதவுது. எஞ்சினை நிறுத்தினா மிச்சமிருக்கிற பலம் ரெண்டு மிதிக்கு வரும். மூணாவது கல்லுதான். வலுவான கால் இருந்தாத்தான் நிறுத்தலாம். ஆக, ஒருத்தர் எஞ்சினைப் போடாமலே வண்டியைச் சரிவுல விட்டிருக்கார். ஏன்?"

"சத்தம் கேட்கக் கூடாதுன்னு!" கொழுந்தன் இருக்கையிலேயே துள்ளினான்.

"ஆமா. இவளோ தினமும் உறுமிக்கிட்டுக் கிளம்புறவ, யாருக்கும் ஒளிய வேண்டியதில்ல. இவரோ ஹெட்போனைக் கழட்டவே இல்ல." நர்ஸின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "பழைய பூஸ்டர் கெட்டப்போ முதல் மிதியே கல்லுதானே?"

"ஆமா அக்கா."

"அப்போ அந்த மூணாவது மிதியோட கணக்கு, இன்னிக்கு அதை மிதிச்ச காலுக்கு மட்டும்தான் தெரியும். இல்லீங்களா அப்பா?"

பெரியவர் கைத்தடியையே பார்த்தார். எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"தெருமுனை வரைக்கும்தான்மா. போய்ட்டு வந்திடலாம்னு நெனச்சேன்" என்றார் கடைசியில். "ஜன்னல் வழியா இந்தச் சரிவையே பார்த்துக்கிட்டு எத்தனை நாள் உட்கார்றது? சொன்னா இவன் ஜன்னலையும் சாத்திடுவானோன்னு பயம்."

"அதுக்காக என்னை மாட்டிவிட்டீங்களே மாமா!" என்றாள் நர்ஸ்.

"உன்னை இல்லம்மா. மெக்கானிக் மேலதானே போட்டேன்."

"ரொம்ப நியாயம்! நடுவுல என் வேலையில்ல போக இருந்தது? உங்களுக்கு நாலு சுவர் வலிச்ச மாதிரிதானே எனக்கும் வலிச்சிருக்கும்?"

மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அக்கா காரிலிருந்து சாவியைக் கழற்றி, அவன் நீட்டிய கையைக் கடந்து போய், நர்ஸின் உள்ளங்கையில் வைத்தாள். அவன் இரும்புக்காரனை வர வேண்டாமென்று சொல்ல, ஃபோன் போடச் சத்தமில்லாமல் உள்ளே போனான்.

ஸ்கூல் வண்டியில் கயிறு கட்டி இழுத்ததில் கார் வெளியே வந்தது. ஒரு தூணும் கூடவே வந்தது.

இப்போதெல்லாம் நர்ஸ் வேலைக்குக் கிளம்பும்போது பக்கத்து இருக்கையில் பெரியவர் ஏறிக்கொள்கிறார். வழியில் நூலகத்தில் இறங்கிக்கொள்வார். தெரு முழுக்கப் பார்க்கும் காட்சிதான் அது. கேட்டை நெருங்கும்போது அவருடைய வலது கால் தரையை அழுத்தும்.

"மாமா, அந்தப் பக்கம் பிரேக் இல்ல."

"தெரியும்மா. எஞ்சின் ஓடுதான்னு பார்த்தேன்."