ஜாடித்தலைக்காரி

பொம்மைக்குக் கட்டிய சீலையின் கீழ்க்கரை நனைந்திருந்தது.

திரௌபதி முதலில் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தாள். ஐப்பசி மழை விட்டபாடில்லை. ஓடு ஒழுகுகிற இடத்திலெல்லாம் குண்டானும் சட்டியும் வைத்திருக்கிறாள். ஆனால் பொம்மை நின்ற மூலையில் ஒரு சொட்டுகூட விழவில்லை. தரை காய்ந்துதான் கிடந்தது. சீலை மட்டும் ஈரம், அதுவும் கிணற்றில் இறங்கி ஏறியவள் சீலை மாதிரி முழங்கால் உயரத்துக்கு. பிள்ளைகள் தண்ணீரைத் தட்டிவிட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

இந்த வினையை ஆரம்பித்து வைத்ததே அவள்தான். தங்கதுரைக்கு இரண்டாந்தாரமாக ஆவணியில்தான் இந்த வீட்டுக்கு வந்தாள். மூத்தவள் பெரியநாயகி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தவள். அவள் பெற்ற கனகாவும் கிரியும் இவளைச் ‘சித்தி’ என்றார்கள், ‘நீங்க’ போட்டுப் பேசினார்கள், விருந்துக்கு வந்த வீட்டில் இருப்பதுபோல் போட்ட சோற்றை மட்டும் தின்றுவிட்டு எழுந்தார்கள். அந்த மரியாதைதான் அவளை அறுத்தது. நாலு அடி அடித்தாலாவது அழுதுகொண்டே வந்து ஒட்டிக்கொள்ளுமோ என்றுகூட ஒருநாள் நினைத்திருக்கிறாள், பாவி.

அதனால்தான் ஸ்கூலுக்கு மழை லீவு விட்டதும், “பேய் பொம்மை செய்யலாமா? அப்பா வேலை வுட்டு வந்ததும் பயமுறுத்தலாம்” என்று கேட்டாள். சின்னவன் துள்ளிக் குதித்தான்.

செராமிக் கம்பெனிச் சூளையில் கோணிப்போனதென்று தங்கதுரை வீட்டுக்குக் கொண்டுவந்த வெள்ளை ஊறுகாய் ஜாடி தலையானது. அதைக் கவிழ்த்து மோர் மத்தின் நுனியில் செருகி, மத்தை உரல் குழியில் பழந்துணி அடைத்து நட்டார்கள். கொட்டாங்கச்சி அகப்பை இரண்டைக் குறுக்கே கட்டினால் கை. தேங்காய் நார் முடி. அடுப்புக்கரியால் கண், குங்குமத்தால் வாய். வீடே சிரித்தது. சீலைக்கு என்ன செய்வது என்று திரௌபதி யோசிப்பதற்குள், கனகா டிரங்குப் பெட்டிமேல் ஏறிப் பரணிலிருந்த மூங்கில் கூடையை இறக்கிவிட்டாள்.

மஞ்சளும் கற்பூரமும் மணக்க உள்ளே மடித்திருந்த சீலையைப் பார்த்ததுமே திரௌபதிக்குத் தெரிந்துவிட்டது. பெரியநாயகிக்குப் படைத்த சீலை அது. சுமங்கலியாய்ச் செத்தவளைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிற வழக்கம் அவள் பிறந்த வீட்டிலும் உண்டு. இவள் கல்யாணத்துக்கு முன்னால் இதே சீலையைக் கிணற்றடியில் ஒரு குடத்துக்குக் கட்டி, பூ வைத்து, பேர் சொல்லி அழைத்து, மூத்தவளிடம் உத்தரவு கேட்ட பிறகுதான் தாலிக்கே பொன் உருக்கினார்கள். அதற்கப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை.

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கிரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தான். “நீயே கட்டிவுடு சித்தி!”

நீ என்கிறான்! அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள்.

பூவும் வைத்தார்கள். பிறகு பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து, அன்று கிணற்றடியில் பெரியவர்கள் செய்ததைப் பார்த்த மாதிரியே கை கூப்பினார்கள். “பெரியநாயகி, வூட்டுக்கு வா. புள்ளைங்க கூப்புடுறோம், வா.” அன்றைக்குப் பூசாரி கற்பூரம் காட்டி வந்தவளைத் திருப்பி அனுப்பியும் வைத்தார். பிள்ளைகளுக்கு அழைக்க மட்டும்தான் தெரிந்தது.

விளக்கு வைக்கிற நேரம் கரண்ட் போயிற்று. சிம்னி விளக்கைப் பற்றவைத்து மாடத்தில் வைத்துவிட்டுச் சோற்றை வடித்தாள். ஓட்டில் மழை இரைந்தது, குண்டான்களில் நீர் சொட்டியது, நனைந்த களிமண் வாடை வாசலிலிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு நடுவே கூடத்திலிருந்து இன்னொரு சத்தம். கொட்டாங்கச்சியும் கொட்டாங்கச்சியும் லேசாக உரசிக்கொள்கிற சத்தம். கூடவே கிரி யாருக்கோ பதில் சொல்வதுபோல் ‘உம்’ கொட்டினான்.

எட்டிப் பார்த்தாள். தெருவாசலைப் பார்த்து நட்ட பொம்மை அடுப்படியைப் பார்த்து நின்றது.

“கனகா, பொம்மைய நீ திருப்பினியாடி?”

“இல்லீங்க சித்தி. அதுவா திரும்பிச்சு. நீங்க சோறு வடிக்கிறதப் பாக்குது.”

தங்கதுரை வருகிற நேரம் எப்போதோ தாண்டிவிட்டது. தெருவில் சைக்கிள் சத்தமே இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

“வெளாண்டது போதும். பிரிச்சுப் போட்டுடலாம்.”

“பிரிக்க வாணாமாம்” என்றான் கிரி.

“யாரு சொன்னது?”

அக்காவும் தம்பியும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டார்கள்.

எதிரே போய் நின்றாள். கரிக் கண் கரிக் கண்ணாகத்தான் இருந்தது. வெறும் ஜாடி. வெறும் மத்து. நாமே செய்தது. நாமே பிரிக்கலாம். குனிந்து கொசுவத்தைக் கொத்தாகப் பிடித்தாள்.

உள்ளே மத்து இல்லை.

முழங்கால்.

சில்லென்று. சதையோடு. அவள் விரல் பட்டதும் அது லேசாகப் பின்வாங்கியது.

மல்லாந்து விழுந்தாள். விளக்குச் சுடர் ஒருதரம் தாழ்ந்தது.

“அம்மா!”

கிரி. வந்த நாள்முதல் அவள் ஏங்கிக் கிடந்த சொல். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அழுதபடி ஓடிவந்தான். அந்தப் பயத்திலும் அவளுக்குக் கண் நிறைந்தது. வாடா என் ராசா என்று கையை நீட்டினாள். பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கிவிடலாம்.

அவன் அவளைத் தாண்டிப் போனான்.

கனகாவும் போனாள்.

மஞ்சள் சீலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான் கிரி. ஒரு அகப்பை மெதுவாக மடங்கிக் கனகாவின் தோளை வளைத்துக்கொண்டது. இன்னொன்று சின்னவன் முதுகில் படிந்து, தூங்கவைக்கிற மாதிரி தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.