முழுதும் படித்தவர்

செவ்வாயில் சண்டை நடக்கும் பள்ளத்துக்குள் போகிற செய்தியாளர், குடியிருப்பின் காற்று வெளியே போகாமல் காக்கும் காற்றறையின் வாசலில் தன் மரண அறிவிப்பைத் தன் வாயாலேயே படித்துப் பதிவுசெய்துவிட்டுத்தான் போகவேண்டும். பூமியிலிருந்து வந்த செண்பகவல்லி, முதல் தடவை இதைச் செய்தபோது அழுதாள். இப்போது 'கோவில்பட்டியில் பிறந்தவர்' என்ற இடத்தில் கொஞ்சம் அழுத்தம் கொடுக்கக்கூடப் பழகிவிட்டாள்.

இந்தத் தடவை அந்த அறிவிப்புக்கு வேலை வந்துவிடும் போலிருந்தது.

பனிச்சுரங்கத்தைக் கைப்பற்றி வைத்திருந்த ஆயுதக் குழுவோடு போன மாதம் ஒரு வாரம் தங்கி, ஒரு கட்டுரை எழுதியிருந்தாள். மறுபடி வந்தவளிடமிருந்து தலைக்கவசத்தைப் பிடுங்கிக்கொண்டு ஓர் அறையில் அடைத்துவிட்டார்கள். கவசமில்லாமல் வெளியே தள்ளப்போவதாகப் பூமிக்கும் சொல்லியாயிற்று. வெளியே மூச்சுவிடக் காற்று கிடையாது.

குழுத்தலைவர் மாசிலாமணி வந்தார். அவருடைய தாத்தா தூத்துக்குடியிலிருந்து குடியேறியவர். பேச்சு மட்டும் இன்னும் ஊரை விட்டுக் கிளம்பவில்லை.

"எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு எங்களையே 'பனிக்கொள்ளையர்'னு எழுதிட்டியளே?"

"தலைப்பு நான் வச்சதில்ல அண்ணாச்சி. ஆபீஸ்ல வச்சது. உள்ள படிச்சியளா?"

"தலைப்பே போதும்லா."

செண்பகவல்லிக்குப் பயத்தையும் மீறிக் கோபம் வந்தது. "கடைசி ஆசைன்னு ஒண்ணு கேப்பியள்லா? அத இப்பவே சொல்லுதேன். கட்டுரைய முழுசாப் படிங்க."

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் கண்ணுக்குள்ளேயே திரை. கண்வில்லை என்பார்கள். விழி எந்த வரிவரை போனது என்று அதற்குத் தெரியும். அதனால் எந்தச் செய்தியின் கீழும் இரண்டு எண்கள் நிற்கும். 'செண்பகவல்லியை விடு' என்று பொங்கியெழுந்து அவள் கட்டுரையைப் பகிர்ந்தவர் நாலு கோடி. முழுதும் படித்தவர் பூஜ்யம்.

மாசிலாமணி சலித்துக்கொண்டே உட்கார்ந்தார். குடியிருப்புக்குத் தண்ணீரை நிறுத்திய சுரங்க நிர்வாகம், தாகத்தில் செத்த குழந்தைகள், எல்லாம் அதில் இருந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, பாதையில் குழு புதைத்த வெடியில் சிக்கிச் செத்த லாரி டிரைவரைப் பற்றிய பகுதி வந்தது. அவருடைய மனைவி பேசியதும் அப்படியே இருந்தது. மாசிலாமணி அந்த இடத்தை இன்னொரு தடவை படித்தார்.

"இதையும் எழுதிட்டியளே."

"நடந்ததுதான அண்ணாச்சி."

கட்டுரையின் கீழே, முழுதும் படித்தவர் எண் ஒன்றாயிற்று.

அவர் எழுந்துபோய்த் தலைக்கவசத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். "கெளம்பும்மா. பாதையில இருக்க வெடியெல்லாத்தையும் எடுக்கச் சொல்லிருதேன். அந்த டிரைவர் வீட்டம்மாவ நானே போயிப் பாக்கணும்."

செண்பகவல்லி கவசத்தை மாட்டிக்கொண்டாள். உயிர் திரும்பி வந்த சந்தோஷம். காற்றறையைத் தாண்டியதும், 'விட்டுவிட்டார்கள்' என்று அலுவலகத்துக்குத் தகவல் அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பூமியிலிருந்து ஆசிரியர் ரங்கமன்னாரின் குரல் வந்தது.

"செண்பகா! உயிரே போயிடுச்சும்மா எங்களுக்கு! தெருத்தெருவா உனக்காகக் கூட்டம் போட்டோம். சரி, அப்படி என்னதாம்மா அதுல எழுதியிருந்த?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. "படிங்க சார்" என்று மட்டும் பதில் அனுப்பினாள்.

ரோவர் வண்டி பள்ளத்தை விட்டு மேலேறிக்கொண்டிருந்தபோது எண் இரண்டாயிற்று. சற்றைக்கெல்லாம் தலைப்பும் மாறியது: 'தண்ணீர் கேட்டவர்களும் செத்துப்போன டிரைவரும்'.

நாலு கோடிப் பேரும் உடனே புதுத் தலைப்பைப் பகிர்ந்தார்கள். 'அருமை', 'கண்ணீர் வந்தது', 'ஒவ்வொரு வரியும் உண்மை' என்று எழுதினார்கள். கீழே அதே இரண்டு.

செண்பகவல்லி கண்ணை மூடப்போனாள். அப்போது எண் மூன்றாயிற்று.

யாரோ முன்பின் தெரியாத ஒருவர் கடைசி வரிவரை வந்திருந்தார். அவள் நிமிர்ந்து உட்கார்ந்து, அடுத்த கட்டுரையை எழுத ஆரம்பித்தாள்.