மெத்தைப் பள்ளம்

உடம்பு துடைத்துவிடுவதற்காகக் குழந்தையின் கால் கட்டைவிரலிலிருந்து சென்சாரைக் கழற்றி மெத்தைமேல் போட்டபோது, ஊரைக் கூட்டுவதுபோலக் கத்தியிருக்க வேண்டிய மானிட்டர் கத்தவில்லை. திரையில் பச்சை எண் நிதானமாக மின்னிக்கொண்டிருந்தது. ஆக்சிஜன் தொண்ணூற்றெட்டு.

“உனக்கும் வயசாயிடுச்சு” என்று அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு, பட்டாணியை மடியில் எடுத்து, வாளி வெந்நீரில் நனைத்த துண்டால் அவள் கழுத்தைத் துடைத்தாள். இரண்டு வயதாகியும் பட்டாணி அளவுதான் என்பதால் இவள் வைத்த பெயர் அது. மூச்சுக்குழல் வலுவில்லாமல் பிறந்து, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கப்பட்ட குழந்தை. அழுதால் சத்தம் வராது, முகம் சுருங்கும், குழாய் வழியே காற்று மட்டும் சீறும். சளி உறிஞ்சி எடுக்கவும் வயிற்றுக் குழாயில் பால் விடவும் ஆஸ்பத்திரியில் கற்றுக்கொண்ட பிறகுதான் குழந்தைகள் காப்பகத்தில் இவளிடம் வளர்க்கக் கொடுத்தார்கள். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறாயே என்றாள் நாத்தனார். அந்த ஓணானை என்றைக்காவது திருப்பிக் கேட்பார்களே என்பது ஒன்றுதான் இவளுடைய பயம்.

துடைத்து முடித்துச் சென்சாரைப் பட்டாணியின் விரலில் மறுபடி ஒட்டினாள். திரையில் வெறும் கோடுகள். கழற்றி மேசைமேல் வைத்துப் பார்த்தாள், கோடுகள்தான். பட்டாணி படுத்துப் படுத்து மெத்தையில் விழுந்திருந்த சின்னப் பள்ளத்தில் வைத்தாள். தொண்ணூற்றெட்டு. கூடவே நாடித்துடிப்பும் வந்தது.

வெளியே மழை பிடித்து, மாலை நேரத்திலேயே அறை இருட்டிக்கொண்டு வந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு பள்ளத்தில் கை வைத்தாள். குழந்தையைத் தூக்கி அத்தனை நேரமாகியும் அது வெதுவெதுப்பாக இருந்தது. பவுடரும் பாலும் கலந்து பட்டாணியின் உச்சந்தலையில் வீசுகிற வாசனை விரிப்பிலிருந்து வந்தது. மடியிலிருந்த தலையை முகர்ந்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டுபோல அதில் ஒன்றுமே இல்லை.

பட்டாணியின் உதடு கறுத்தது.

சக்ஷன் போட்டு உறிஞ்சினாள். சளியே இல்லை, குழாய் சுத்தமாக இருந்தது. ஆக்சிஜனைத் திறந்து குழாய்மேல் பிடித்தாள். விலா இன்னும் உள்வாங்கியது. சென்சார் மெத்தையில் கிடக்க, திரையில் எண் ஏறியது. நூறு.

அடுத்த தெருவில் இருக்கும் நர்ஸுக்குப் போன் போட்டாள்.

“மானிட்டர் எவ்வளவுக்கா காட்டுது?”

“நூறு. ஆனா அது பட்டாணியோடது இல்ல, மெத்தையோடது. இவளுக்கு மூச்சே போகல, சீக்கிரம் வா.”

“நீங்க சரியாத் தூங்கி எவ்வளவு நாளாச்சு? பதறாதீங்க, தோ வந்துட்டேன்.”

துடைத்த ஈரத் துண்டிலேயே சுற்றிய குழந்தையோடு வாசல் கதவருகே நின்றாள். அறைக்குள் விரிப்பு மெல்ல எழுந்தது. தாழ்ந்தது. எழுந்தது.

நர்ஸ் குடையை மடக்கிவிட்டு, நேராகக் கட்டிலுக்குப் போனாள். குனிந்தாள். முகம் மலர்ந்தது.

“என்னடி தங்கம், அம்மாவ பயமுறுத்துறியா?” வெறும் காற்றில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டாள். “நெஞ்சு சுத்தமா இருக்குக்கா. பட்டாணி ஜம்முனு இருக்கா.”

“பட்டாணி இங்க இருக்கா. என் கையில. பாரு.”

நர்ஸ் பார்த்தாள். பரிதாபமாகப் பார்த்தாள்.

“அந்தத் துண்ட கீழ வைங்கக்கா. பாருங்க, டிரஸ் எல்லாம் ஈரம்.”

பட்டாணி நர்ஸின் பக்கம் முகத்தைத் திருப்பி, வாயைப் பெரிதாகத் திறந்து அழுதாள். முகம் சுருங்கியது. கண்ணீர் வழிந்தது. குழாயில் காற்றுகூடச் சீறவில்லை.

இல்லை, தொடாதே என்று சொல்ல நினைத்தாள். குரல் வரவில்லை. குழந்தையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள்.

“குடுங்க. நீங்க கொஞ்சம் உக்காருங்க.”

மழலையிடம் பொம்மையை வாங்குவதுபோல நர்ஸ் மெதுவாக வாங்கிக்கொண்டாள். பட்டாணி இவளையே பார்த்தாள். நர்ஸ் வாளிக்குமேல் குனிந்து, பிழிவதற்காகத் துண்டின் இரண்டு முனைகளையும் இறுகப் பிடித்தாள்.