சிவப்பாய் எரிந்தால் நிஜம்!

போன் அலறியது.

ராமாமணி எடுக்கவில்லை. பர்னரைப் பற்றவைக்கத் தீப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

மறுபடியும் அலறியது. எரிச்சலோடு எடுத்தாள்.

"அக்கா... நான் பொன்னாத்தாளுங்க... டாக்டரு க்ளினிக் நர்ஸ்..." மறுமுனையில் அழுகை. "டாக்டரைக் கொன்னுபோட்டாங்கக்கா! மேஜை மேல கவுந்து கெடக்குறாரு... மண்டையில அடி... ஒரே ரத்தம்!"

ராமாமணி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் கதிர்வேல்! அவளை மனுஷியாக்கி வைத்திருந்த மனநல டாக்டர்!

"கடைசியா அவரைப் பாத்தது நீங்கதான்னு போலீஸ் சொல்லுதுங்க. நேத்து சாயங்காலம் நீங்க சத்தம் போட்டதை நானும் சொல்லிப்போட்டேன்... ஜீப்பு உங்க லேபுக்குத்தான் வருதுங்க!"

போன் கட்டானது.

சிங்காநல்லூரில் மருந்து பரிசோதனைக் கூடம் நடத்துபவள் ராமாமணி. மாத்திரைக்குள் மருந்து இருக்கிறதா, வெறும் மாவு இருக்கிறதா என்று கம்பெனிகளுக்குச் சொல்வது அவள் தொழில். அவளுக்கே ஒரு வியாதி உண்டு. மனம் சில நாள் றெக்கை கட்டிப் பறக்கும். சில நாள் கிணற்றுக்குள் விழும். கதிர்வேல் கொடுத்த லித்தியம் மாத்திரைதான் பல வருடமாக அவளைத் தரையில் நடக்க வைத்தது. அதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை. ஊர் பேசும். பேசட்டும்!

ஆனால் ஒரு மாதமாக மறுபடியும் பறக்கிறாள். தூக்கம் போச்சு. பேச்சு நிற்கவில்லை.

நேற்று சாயங்காலம் கதிர்வேல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் காட்டினார்.

"ரத்தத்துல லித்தியம் துளிகூட இல்லீங்க. மாத்திரை சாப்பிடறீங்களா, இல்லையா?"

"தெனமும் முழுங்கறேன் டாக்டர்!" என்று அவள் கத்தியது தெருவரை கேட்டிருக்கும். பொன்னாத்தாள் காதில் விழுந்தது அதுதான். அந்த அம்மாள் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு அந்த அறையில் நடந்தது வேறு...

வாசலில் ஜீப் உறுமியது.

ராமாமணி மேஜை மேலிருந்த சிறிய கவரை எடுத்து வெள்ளைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் பாலுசாமி இரண்டு கான்ஸ்டபிள்களோடு நுழைந்தார். பின்னாலேயே அவள் கணவன் அழகிரிசாமி. கருமத்தம்பட்டியில் சைசிங் மில் நடத்துகிறவன். தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடுகிற மில். நிலமும் மில்லும் ராமாமணியின் அப்பா அவள் பெயரில் எழுதி வைத்தது.

"வாங்கம்மா, போலாம்" என்றார் பாலுசாமி.

"எங்கீங்க?"

"மொதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் கோர்ட்டு."

அழகிரிசாமி கண்ணைத் துடைத்துக்கொண்டான். "சார், அதட்டாதீங்க. பாவம், அவளுக்குப் புத்தி நெலையில இல்லீங்க. தெரியாம செஞ்சுபோட்டா. அம்மணி... வா கண்ணு. அங்க நல்லாப் பாத்துக்குவாங்க."

"மில்லை யாரு பாத்துக்குவாங்க?" என்றாள் ராமாமணி.

"அதெல்லாம் இப்ப எதுக்கு? நான்தான் பாத்துக்கணும். கார்டியன்னு வேற யாரு இருக்கா?"

அழுகிற கண்ணிலும் ஓர் அவசரம்! கோர்ட் வரைக்கும் மனசுக்குள் போய்த் திரும்பியிருந்தான் மனுஷன்.

ராமாமணிக்குக் கோபம் கிளம்பியது. டாக்டருக்காக அழக்கூட நேரம் தரவில்லையே, பாவிகள்!

"இன்ஸ்பெக்டர்! எனக்கு வியாதி இருக்குதுங்க. ஆமா. சத்தம் போடுவேன். பாட்டுப் பாடுவேன். கொலை பண்ண மாட்டேன்! ஒரு மாசமா யாரோ எனக்குப் போலி மாத்திரை குடுத்திருக்காங்க. நிரூபிச்சுக் காட்டட்டுமா?"

பாலுசாமி வாட்சைப் பார்த்தார். "எப்படி?"

"லித்தியத்தை நெருப்புல காட்டினா ரத்தச் சிவப்பா எரியும். சிவப்பா எரிஞ்சா நிஜம். இல்லாட்டி போலி!"

"பண்ணச் சொல்லுங்க சார்!" அழகிரிசாமி முந்திக்கொண்டான். சட்டைப் பையிலிருந்து பாட்டிலை எடுத்து நீட்டினான். "இதுதான் இவ மாத்திரை. அவ ஆசையக் கெடுப்பானேன்?"

பர்னர் சீறியது. நீலச் சுடர்.

ராமாமணி பாட்டிலிலிருந்து ஒரு மாத்திரையைப் பொடித்தாள். ஆசிட்டில் நனைத்த கம்பியால் தொட்டாள். சுடரில் நீட்டினாள்.

சிவப்பு!

ரத்தச் சிவப்பு!

பாலுசாமி பெருமூச்சு விட்டார். "நிஜ மாத்திரைதானேம்மா?"

"நிஜந்தானுங்க."

"பாத்தீங்களா சார்?" அழகிரிசாமி குரல் தழுதழுத்தது. "மாத்திரையத் துப்பிப்போட்டு, போலிங்கறா. இவளை வெச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?"

கான்ஸ்டபிள் அவள் கையைப் பிடித்தான்.

ராமாமணி சிரித்தாள். வாய்விட்டுச் சிரித்தாள்!

"ஏனுங்க... எப்பவும் ஊட்டு அலமாரியில இருக்கற பாட்டிலு. இன்னைக்கு உங்க சட்டைப் பையில என்னங்க பண்ணுது?"

"அது... ஆஸ்பத்திரியில கேப்பாங்கன்னு..."

"கையை விடப்பா!" கான்ஸ்டபிளை உதறினாள். கோட்டுப் பையிலிருந்து கவரை எடுத்தாள். "இன்ஸ்பெக்டர், எந்த மருந்து வந்தாலும் சோதிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் எடுத்து சீல் வெச்சுருவோம். கன்ட்ரோல் சாம்பிள். நாளைக்குத் தகராறு வந்தா அதுதான் பேசும். ஊட்டுல புளி வாங்கினாக்கூட ஒரு சுளை எடுத்து வெப்பேன். இவரு சொந்தக்காரங்களைக் கூட்டி வெச்சு, பைத்தியம்னு சிரிப்பாரு."

கவரை விளக்கடியில் பிடித்தாள். வாயில் அரக்கு. அரக்கின் குறுக்கே இரண்டு கையெழுத்து.

"ஒண்ணு என்னோடது. இன்னொண்ணு டாக்டரோடது. நேத்து சாயங்காலம் இதே பாட்டிலை டாக்டருகிட்டக் கொண்டுபோனப்ப, அதுல இருந்து நாங்க எடுத்து வெச்ச மாத்திரைங்க."

அழகிரிசாமியின் முகம் வெளிறியது.

பாலுசாமியே அரக்கை உடைத்தார். பொடி. ஆசிட். கம்பி. சுடர்.

பச்சை!

பளீரென்ற பச்சை!

"என்னம்மா இது... பச்சையா எரியுது?"

"செம்புங்க. மயில்துத்தம்." பொடி மேல் ஒரு சொட்டு அயோடின் விட்டாள். கருநீலமாகியது. "இது மாவு. மாத்திரையில லித்தியமே இல்ல. மயில்துத்தம் போட்ட மாவுதான்."

"அந்த ரசாக் மருந்துக்கடைக்காரன்!" அழகிரிசாமி கத்தினான். "அவன்தான் சார் போலிய வித்திருக்கான்!"

"மருந்துக்கடைக்காரனுக்கு மயில்துத்தம் எதுக்குங்க?" ராமாமணி திரும்பினாள். "பாவுக்குக் காய்ச்சற கஞ்சியில பூஞ்சை புடிக்கக் கூடாதுன்னு மாவுலயே கலந்து வெக்கறது யாரு? சைசிங்காரங்க! கடையில நல்ல மாவா ஒரு கிலோ வாங்கியிருக்கலாம். உங்க கை மில்லு மூட்டைக்குத்தானே போகும்!"

"கோயமுத்தூரைச் சுத்தி எத்தனை சைசிங் இருக்கு! நான்தான்னு எப்படிச் சொல்லுவே?"

"நீங்கதான் சொன்னீங்க. இப்பத்தான். அந்தப் பாட்டிலை நீட்டி."

"நானா?"

"மாத்திரை போலியா இருக்கும்ங்கற சந்தேகம் நேத்து ரெண்டே பேருக்குத்தான். எனக்கும் டாக்டருக்கும். நான் யாருகிட்டயும் மூச்சு விடல. சோதிக்காம பழி போடறது என் பழக்கமில்ல. நான் கிளம்புறப்ப டாக்டர், 'மாத்திரை எங்க வாங்கினீங்கன்னு உங்க ஊட்டுக்காரரைக் கேக்கறேன்'னு போனை எடுத்தாரு. ராத்திரி முழுக்க நீங்க ஊட்டுக்கு வரல. காலையில நான் லேபுக்கு வந்தப்புறம் ஊட்டுப் பாட்டில்ல போலி போய், நிஜம் வந்து உக்காந்திருக்குது. மாத்தணும்னு உங்களுக்குச் சொன்னது யாருங்க? செத்தவரா?"

பர்னர் சீறியது.

அழகிரிசாமி கதவைப் பார்த்தான்.

பாய்ந்தான்!

கான்ஸ்டபிளின் கால் குறுக்கே வந்தது. கண்ணாடிக் குடுவைகள் உருண்டு உடைய, அழகிரிசாமி தரையில் குப்புற விழுந்தான்.

"ஜீப்பை மில்லுக்கு விடு!" பாலுசாமி கர்ஜித்தார். "மாத்திரை அடிக்கிற மெஷின் எங்கய்யா? சொல்லு!"

அழகிரிசாமி முனகினான். "குடோன்ல... மாவு மூட்டைக்குப் பின்னால..."

விலங்கு மாட்டப்பட்டது.

பாலுசாமி தொப்பியைக் கழற்றினார். "மன்னிச்சுக்கங்கம்மா. பைத்தியம்னு சொன்னதும் நாங்களும் நம்பிட்டோம்."

"நம்புவீங்க. எல்லாரும் அதைத்தான் மொதல்ல நம்புவாங்க" என்றாள் ராமாமணி. கண் நிறைந்துவிட்டது. "கதிர்வேல் டாக்டர் ஒருத்தர்தான் நம்பல. அதனாலதான் செத்தாரு."

முகத்தைத் துடைத்தாள். மேஜையிலிருந்து ஒரு போலி மாத்திரையை எடுத்து இன்னொரு கவரில் போட்டு அரக்கை உருக்கினாள்.

வாசலில் அழகிரிசாமி திமிறினான். "பைத்தியக்காரி! நீ மாத்திரை இல்லாம ஒரு நாள் தாங்க மாட்டேடி!"

"ஆமாங்க. ரசாக் கடைக்கு இனி நானே போயி வாங்கிக்குவேன்." ராமாமணி அரக்கின் மேல் முத்திரையைக் குத்தினாள். "எனக்கு ஒரு மாசம் மாவு தின்னக் குடுத்தீங்கல்ல? கவலைப்படாதீங்க. ஜெயில்ல உங்களுக்கும் மாவுதான்... களியாக் கிண்டித் தருவாங்க!"